பாட்டன் ஊரில் ஒரு பாடம்

பள்ளிக்கூடம் மூடப்படுகிறது, படிப்பு மூடப்படுவதில்லை. ஆசிரியர் ஓய்வு கொள்ளும் கோடை நாட்களில் வேறு ஆசிரியர்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றனர். பாட்டி சொல்லும் கதை ஓர் ஆசிரியர். பங்குனிப் பொங்கலும் சித்திரைத் தேரும் ஆசிரியர்கள். தெருமுனைச் சுவரொட்டி ஓர் ஆசிரியர். கைப்பேசித் திரை ஓயாத ஆசிரியர். சம்பளம் கேட்பதில்லை இவர்கள், தேர்வு வைப்பதில்லை, தவறைத் திருத்துவாரும் இல்லை. ஆனால் சொன்ன பாடத்தை மட்டும் ஆயுள் முழுதும் அழியாதபடி இளநெஞ்சில் எழுதிவிடுகின்றனர்!

எனவே, "விடுமுறையில் பிள்ளை என்ன படித்தது?" என்று கேட்பது வீண் கேள்வியன்று. நாட்டின் நாளை எப்படியிருக்கும் என்பதே அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

எங்கள் அருப்புக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி. கரிசல் வெடித்துக் கிடக்கும். கண்மாய் வறண்டு கிடக்கும். கம்பும் சோளமும் பருத்தியும் மழையின் மனம் பார்த்து விளையும். விளையாத இடத்தைச் சீமைக்கருவேல் வளைத்துக்கொள்ளும். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரி சுட்டுப் பிழைப்போர் ஊருக்கு ஊர் உண்டு. நகருக்குள்ளே தறியோசை. இதுதான் எங்கள் சீமை.

விடுமுறைக்கு வரும் பிள்ளைகளை இங்குள்ள பெரியவர்கள் எங்கே அழைத்துச் செல்கின்றனர்? கிழக்கே அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் திருச்சுழி. கோயிலைக் காட்டுவர். உலகையே மூழ்கடிக்க வந்த பெருவெள்ளத்தை இறைவன் சூலத்தால் சுழித்துப் பூமிக்குள் அனுப்பினான். அதனால் ஊர் சுழியாயிற்று என்று தலபுராணம் சொல்வர். குடிநீருக்குக் குடத்தோடு நிற்கும் சீமையிலே பிரளயக் கதை! வெள்ளத்தை விழுங்க வைத்த தெய்வம் கோடைக்கு ஒரு குடமாவது மிச்சம் வைத்திருக்கலாகாதா என்று பிள்ளை கேட்டுவிடக் கூடாது. கேட்டால் வாயில் விரல் வைத்து அடக்குவர். பின்பு, ரமணர் 1879-இல் பிறந்த வீடு இது என்று காட்டுவர். காட்டட்டும், பிறந்தவர் பிறந்த வீடு வரலாறுதான், மறுப்பாரில்லை. நாம் கேட்பது வேறு. யுகங்களுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் வெள்ளம் வரை எட்டுகிற நினைவு, பாட்டனின் பாட்டன் காலத்து வழக்கை எட்டாதது ஏன்? புராணத்துக்கு நீளும் நாக்கு, நேற்று நடந்ததற்கு ஏன் மடங்குகிறது?

இக்கோடையில் நம் மகளின் மகள், ஏழாம் வகுப்பு முடித்தவள், சென்னையிலிருந்து நம் இல்லம் வந்திருந்தாள். அவளுடைய பாடநூலில் பெரியார் உண்டு, வைக்கம் உண்டு, சுயமரியாதை இயக்கமும் உண்டு. தேதிகளைக் கிளிப்பிள்ளை போலன்று, தெளிவாகவே சொன்னாள். ஆனால் அவையெல்லாம் எங்கோ, எவருக்கோ நடந்தவை என்றே அவள் எண்ணியிருந்தாள். பழைய தகரப் பெட்டியை அவள் குடைந்தபோதுதான் அந்த எண்ணம் உடைந்தது. உள்ளே மஞ்சள் பூசாத, "சுபமுகூர்த்தம்" இல்லாத, "வாழ்க்கை ஒப்பந்த விழா" என்று தலைப்பிட்ட அழைப்பிதழ் ஒன்று கிடைத்தது. ஆண்டு 1958. மணமக்கள் நம் பெற்றோர்.

"ஏன் தாத்தா, இதில் ஐயர் பெயரும் இல்லை, நல்ல நேரமும் இல்லையே, கல்யாணம் எப்படி நடந்தது?" என்றாள்.

"தலைவர் ஒருவர் முன்னே நின்றார், ஊரார் எதிரே அமர்ந்தனர், இருவரும் மாலை மாற்றிக்கொண்டனர், ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகத் தமிழில் சொன்னார்கள். முடிந்தது கல்யாணம்" என்றோம்.

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதானா! அந்த 'அவ்வளவு'க்கு நாற்பது ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது, தோழர்களே. அந்தப் போராட்டத்தின் முதல் அடி எங்கே எடுத்து வைக்கப்பட்டது? எங்கள் கரிசல் மண்ணில்தான். மறுநாளே அவளைப் பேருந்தில் ஏற்றி, அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்திற்கு அழைத்துச் சென்றோம். 1928 மே 28 அன்று பெரியார் தலைமையில், புரோகிதர் இன்றி, புரியாத மந்திரம் இன்றித் திருமணம் நடந்த சிற்றூர் அது. முதல் சுயமரியாதைத் திருமணம் என்று இயக்க வரலாறு குறிப்பது அதனைத்தான்.

நினைத்துப் பாருங்கள், 1928-ஐ! புரோகிதர் இல்லையெனில் பிள்ளை பிறக்காது, பிறந்தாலும் விளங்காது என்று நம்பிய காலம். நாளும் கோளும் பார்க்காமல் விதை கூட ஊன்றாத உழவர் வாழும் சிற்றூர். மழை பொய்த்தால், "புரோகிதரைத் தள்ளினீர்களே, அதனால்தான்" என்று பழி போடக் காத்திருக்கும் அக்கம்பக்கம். பட்டணத்தில் படித்தவர் துணியாத செயலைப் பட்டிக்காட்டு உழவர் துணிந்து செய்தனர். மாளிகையிலே பிறக்கவில்லை அந்தப் புரட்சி. வெடித்த கரிசலிலே முளைத்தது.

அன்று அருப்புக்கோட்டை இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாட்டின் தலைவரும் அவரே. ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்து ஓடிக்கொண்டிருந்தன தனியார் பேருந்துகள். ஏற்ற மறுக்கும் வண்டியின் உரிமம் பறிபோகும் என்று ஆணையிட்டார் அவர். ஆணை ஒன்றுதான், ஆனால், காசு கொடுத்தும் கால்நடையாய் நடந்தவர் இருக்கையில் அமர்ந்தார்! திரும்பும் வழியில் இதைச் சொன்னபோது, நம் பேர்த்தி பேருந்தின் இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

இல்லம் திரும்பியதும் கதையின் கசப்பான பகுதியைச் சொல்ல நேர்ந்தது. சுயமரியாதைத் திருமணங்கள் நூற்றுக்கணக்கில் நடந்தன, நாடெங்கும் பரவின. ஆனால் 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது: இத்தகைய மணம் சட்டப்படி மணமாகாது! 1955-இல் வந்த இந்துத் திருமணச் சட்டமோ, வழக்கமான சடங்குகள் வேண்டும் என்றது. விளைவு? விரும்பி மணந்து, ஊரறிய வாழ்ந்து, பிள்ளை பெற்ற பெண்ணைச் சட்டம் மனைவி என்று அழைக்க மறுத்தது. சாதகம் பார்த்து, சடங்கு செய்து, மறுநாளே மனைவியை அடித்து விரட்டியவன் சட்டப்படி கணவன். அன்போடு வாழ்ந்தவன் அல்லன்!

நம் தந்தையார் 1965-இல் காலமானார். நமக்கு அப்போது ஆறு வயது. கரிசல் காட்டில் பாட்டனார் வைத்த நான்கு குறுக்கத்தில் பாதி நமக்கு வர வேண்டியது. உறவினர் ஒருவர் ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "இவள் அவனுக்கு மனைவியா? தாலி எங்கே? சடங்கு எங்கே? கோர்ட்டே செல்லாது என்று சொல்லிவிட்டதே!" என்றார். தாயார் பதில் பேசவில்லை. பேசி என்ன பயன்? தீர்ப்பு அவர் பக்கம் இருந்தது. தறிக்காரர் வீடுகளில் தார் சுற்றி, அந்தக் கூலியில் நம்மை வளர்த்தார். "தாலியைக் கட்டித் தொலைத்திருந்தால் காடாவது மிஞ்சியிருக்கும்" என்று பரிவோடு சொன்ன பெண்களுக்கும் அவர் பதில் சொன்னதில்லை.

1967-இல் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். அவ்வாண்டே சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. 1968 சனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. இந்துத் திருமணச் சட்டத்தின் 7-அ பிரிவு என்று அதற்குப் பெயர். உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், தமக்குப் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலும் போதும். அல்லது மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் போதும். அல்லது தாலி கட்டினாலும் போதும். 'அல்லது' என்ற அந்தச் சொல்லைப் பேர்த்திக்கு அடிக்கோடிட்டுக் காட்டினோம். ஒற்றைச் சொல்; ஆயிரமாண்டுக் கட்டாயத்தை அது விருப்பமாக மாற்றிற்று! அதைவிடப் பெரிது ஒன்றுண்டு. சட்டம் வருவதற்கு முன் நடந்த மணங்களும் செல்லும் என்றது அது. அண்ணாவின் ஆட்சி இரண்டாண்டு கூட நிறையவில்லை. 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்தார். ஆனால் அதற்குள், நாற்பதாண்டுகளாக 'மனைவியல்லர்' என்று தள்ளப்பட்ட பெண்களுக்குப் பெயர் தந்துவிட்டார்.

செய்தி ஏட்டைக் கையில் பிடித்தபடி ஊர்க்கூட்டத்திற்குச் சென்றார் நம் தாயார். வழக்குமன்றம் ஏறாமலே இரண்டு குறுக்கம் வந்து சேர்ந்தது. "காடு கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அன்றைக்கு எனக்குக் கிடைத்தது காடு மட்டுமா?" என்று பின்னாளில் சொல்வார்.

"அப்படியானால் இந்தச் சட்டம் நிலத்துக்காகவா தாத்தா?" என்று கேட்டாள் சிறுமி. இல்லை. சென்னைப் பிள்ளைக்கு விளங்கும்படி 2001-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பைச் சொன்னோம். முதல் மனைவி இருக்க, வேறொருத்தியை மணந்தான் ஒருவன். முதல் மனைவி வழக்குத் தொடுத்தாள். "அக்கினியைச் சுற்றி ஏழடி வைக்கவில்லை, ஆகவே என் இரண்டாம் திருமணம் திருமணமே அன்று, குற்றமும் இல்லை" என்று தப்பப் பார்த்தான். 7-அ பிரிவின்படி அது திருமணமே என்று நீதிமன்றம் சொன்னது. தப்பும் வழி அடைபட்டது. 2023-இல் மற்றொரு வழக்கில், இத்தகைய மணத்திற்கு ஊரறிந்த அறிவிப்பு கட்டாயம் இல்லையென்றும், வழக்குரைஞரும் நண்பராக நின்று நடத்தி வைக்கலாம் என்றும் உச்சநீதிமன்றம் தெளிவாக்கியது. சாதி மீறி மணந்து, ஊருக்கும் உறவுக்கும் அஞ்சி ஓடும் இளைஞர்க்கு இஃது உயிர்காப்பு. சுக்கிலநத்தத்தில் நட்ட கன்று இன்று யாருக்கு நிழல் தருகிறது, பாருங்கள்.

இவ்வளவு கேட்ட பிள்ளை சும்மா இருக்குமா? "1928-க்கு முன்னாலும் யாராவது எதிர்த்துக் கேட்டார்களா?" என்றாள். கேட்டார்கள், எங்கள் பக்கமே. திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறு, தென்கிழக்கே கமுதியையும் தொட்டுச் செல்கிறது. 1897 மே திங்களில் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சிலர் நுழைந்து வழிபட்டனர். கோயிலின் அறங்காவலர் இராமநாதபுரம் அரசர் பாசுகர சேதுபதி. கோயில் தீட்டாயிற்று என்று வழக்குத் தொடுத்தார். இதே பாசுகர சேதுபதிதான், அதே 1897-இன் சனவரியில், சிக்காகோவில் பேசித் திரும்பிய விவேகானந்தரைப் பாம்பனில் வரவேற்று, அவர் அமர்ந்த வண்டியைத் தம் கையாலேயே இழுத்தவர்! எல்லோருக்குள்ளும் இறைவன் என்ற பேச்சைக் கடல் கடந்து அனுப்பி வைத்த கை, உள்ளூர் மனிதன் கோயில் படியேறியபோது தடுத்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது; இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது; 1908-இல் அங்கும் நாடார் தோற்றனர். இடையிலே 1899-இல் சிவகாசி கொள்ளையிடப்பட்டது, குருதி கொட்டியது. பிறகு 1939 சூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஆதிதிராவிடரும் நாடாரும் நுழைந்தனர். 1947-இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. ஆண்டவன் திறந்துவிட்ட கதவன்று அது. ஐம்பதாண்டு தட்டியபின் சட்டம் திறந்த கதவு.

மேற்கே விருதுநகரையும் சொல்லாமல் விடவில்லை. அவள் தன் குறிப்பேட்டின் முகப்பில் முகவரி எழுதியிருந்தாள். கடைசி வரியில் 'தமிழ்நாடு'. அந்தச் சொல்லுக்கு விலை கொடுத்தவர் சங்கரலிங்கனார். காங்கிரசுக்காரர், காந்தியவாதி. சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டுதல் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956 சூலை 27-இல் உண்ணாநோன்பு தொடங்கினார். அண்ணா நேரில் வந்து வேண்டியும் கைவிடவில்லை. அக்டோபர் 13-இல் உயிர் நீத்தார். 1967 சூலை 18 அன்று சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 சனவரி 14 முதல் நாடு தன் பெயரைப் பெற்றது. முகவரியின் கடைசி வரியைச் சிறுமி மறுபடி ஒருமுறை படித்தாள்.

இதுவரை சொன்னவை பெருமிதத்தோடு சொல்லக்கூடியவை. சொல்ல நா கூசும் பகுதியும் உண்டு. அதை அவளே நம்மிடம் கொண்டுவந்தாள். தெருவில் விளையாடப் போனவள் திரும்பி வந்து, "தாத்தா, ஒரு பையன், 'உன் கயிறு என்ன நிறம்?' என்று கேட்கிறான். என் நிறம் எது?" என்றாள்.

தோழர்களே, நாம் வாய் திறக்காத இடத்தில் யார் பாடம் நடத்துகிறார்கள் என்று தெரிகிறதா? மணிக்கட்டில் வண்ணக்கயிறு, அந்த வண்ணம் ஒரு சாதி. பத்து வயதுப் பையன் அதைப் பெயர் கேட்பது போல் இயல்பாகக் கேட்கிறான். அவனுக்கும் ஒரு வரலாறு சொல்லித் தரப்பட்டிருக்கிறது, பாதி வரலாறு. தன் குலத்தார் வீரர் என்பது மட்டும் அதிலுண்டு. தன் குலத்தார்க்கு இழைக்கப்பட்ட கொடுமை மட்டும் அதிலுண்டு. தன் குலத்தார் இழைத்த கொடுமை மட்டும் அதில் இராது!

எனவே முழுதும் சொல்வதென்று முடிவு செய்தோம். அண்டை வீட்டுப் பெரியவர் தடுத்தார். "அண்ணாச்சி, பச்சைப் பிள்ளைக்கு அதையெல்லாம் ஏன் கிளறுகிறீர்கள்? ஆறிய புண் ஆறியதாகவே இருக்கட்டும்" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் ஆறிய புண்ணுக்கு ஆண்டுதோறும் காவலர் படை ஏன் வருகிறது? தடையுத்தரவு ஏன் வருகிறது? புண் ஆறவில்லை, மூடி வைத்திருக்கிறோம். மூடிய புண் சீழ் வைக்கும்.

சொன்னோம். வெள்ளையன் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்று வைத்திருந்தான். 1871-இல் வடக்கே பிறந்து, 1911-இல் சென்னை மாகாணத்திற்கும் நீண்டது. எங்கள் சீமையின் மறவரில் ஒரு பிரிவினரும் அதன் பிடியில் சிக்கினர். குற்றம் செய்தவனைத் தண்டிப்பதன்று அந்தச் சட்டம், பிறந்ததையே குற்றமாக்கியது. கைரேகை வை, ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போ! 1920 ஏப்ரல் 3-இல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த கள்ளர் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். போராட்டங்களுக்குப் பின் 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

பிறப்பால் இழிவு சுமத்தப்பட்ட கொடுமையை அனுபவித்த மண் அது. அதே மண்ணில், பத்தாண்டு கழித்து நடந்ததையும் சொன்னோம். 1957 செப்டம்பர் 10-இல் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம். அதில் ஒடுக்கப்பட்டோர் சார்பில் நிமிர்ந்து பேசியவர் இம்மானுவேல் சேகரன், படையில் பணியாற்றியவர், வயது 32. மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 14-இல் கீழத்தூவலில் மறவர் ஐவர் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியாயினர். ஊர்கள் எரிந்தன, குடிசைகள் சாம்பலாயின. முத்துராமலிங்கத் தேவர் கைது செய்யப்பட்டு, கொலை வழக்கில் 1959-இல் விடுதலையானார். வெட்டுண்டவனும் உழைப்பாளி; சுடப்பட்டவனும் உழைப்பாளி. இருவருக்கும் சொந்தமானது அதே வறண்ட கண்மாய், அதே பொய்த்த மழை. ஒருவனை மேலே என்றும் மற்றவனைக் கீழே என்றும் நிறுத்திய ஏணியை மட்டும் எவரும் எரிக்கவில்லை!

சிறுமி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "என் கயிற்றுக்கு நிறம் சொல்லவில்லையே" என்றாள்.

"உன் கொள்ளுப்பாட்டி கழுத்திலே கயிறு கட்டாமல் வாழ்ந்து காட்டியவள். நீ கையிலே கட்டாமல் வாழலாம். யார் கேட்டாலும் அதைச் சொல்" என்றோம்.

சிறிய செய்தியன்று இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்த மாணவனின் வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. சாதியடையாளக் கயிறுகள் பள்ளியில் கூடா என்று பரிந்துரைத்தது. வரவேற்கிறோம். ஆனால், தோழர்களே, பள்ளி வாயிலில் அறுக்கப்படும் கயிறு விடுமுறையில் மறுபடி கட்டப்படும். மணிக்கட்டில் இருப்பதை ஆசிரியர் அறுக்கலாம். மனத்தில் இருப்பதை அறுக்கும் பொறுப்பு வீட்டாருடையது, உங்களுடையது, நம்முடையது.

ஆகவே இளைஞர்களே, அடுத்த விடுமுறைக்கு உங்கள் இல்லம் வரும் பிள்ளைக்கு ஊரைக் காட்டுங்கள். கோயிலைக் காட்டும்போதே, அதன் வாசலில் யார் நிறுத்தப்பட்டனர், எந்த ஆண்டு உள்ளே சென்றனர் என்பதையும் சொல்லுங்கள். தேநீர்க் கடையில் தனிக்குவளை எப்போது ஒழிந்தது, ஒழிந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். தார் சுற்றிய பாட்டியிடமும், கரி சுட்ட தாத்தாவிடமும், காவல் நிலையத்தில் கைரேகை வைத்தவரின் மகனிடமும், குடிசை எரிந்தவரின் மகளிடமும் அமர வையுங்கள். ஆண்டு தெரிந்தால் ஆண்டோடு, பெயர் தெரிந்தால் பெயரோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெருமையை மட்டும் பொறுக்கித் தராதீர்கள், சிறுமையை மறைக்காதீர்கள். உங்கள் சாதி செய்த கொடுமையை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அதைச் சொல்லும் துணிவு உங்களுக்கு இருந்தால்தான், கேட்கும் பிள்ளைக்கு மனிதனாகும் துணிவு வரும்.

1928-இல் சுக்கிலநத்தத்து உழவருக்கு அந்தத் துணிவு இருந்தது. அவர்களிடம் பல்கலைக்கழகப் பட்டமில்லை. பக்கத்துணையாகச் சட்டமும் இல்லை. நம்மிடம் இரண்டும் உண்டு. இனி வேண்டியது வாய் திறப்பது ஒன்றே.